ஊசி படாத இடம்

பொன் விளைகிற பூமி என்று வெளியூரில் பேசிக்கொள்வார்கள். நான் அங்கே முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். என் கைக்கு வந்ததெல்லாம் கந்தல் துணிதான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பொன்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் துரைமார்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சுரங்கம், எந்தக் கம்பெனி என்பதையும் எழுதமாட்டேன். அதில் வேலை பார்த்த பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மீதிப் பேரைப் பகைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

கல்யாணமாகி வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து நான் வந்தபோது சுரங்கம் இருக்கிற ஊரிகத்துக்கு ரயில் இல்லை. பங்காருபேட்டையில் இறங்கி மாட்டுவண்டியில் வந்தோம். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு என்னுடையது. அங்கே மார்கழியில் அடிக்கிற காற்றை நான் கனவில்கூடக் கண்டதில்லை. குடியிருந்ததோ மூங்கில் தட்டி வீடு. வரிசையாக ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். தட்டிக்கு எத்தனை தடவை சாணி மெழுகினாலும் காற்றுக்கு ஒரு வழி இருக்கும். முதல் மார்கழியில் நாங்கள் இருவரும் ஒரே பழம்புடவைக்குள் சுருண்டு கிடந்தோம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், அதனால் அது ஒன்றும் பெரிய குறையாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். சுரங்கத்திலிருந்து வருகிற கல்லை அங்கே இடித்து மாவாக்கி, தண்ணீரோடு சேர்த்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிடுவார்கள். பொன் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடிப்போகும். இவர் அந்தத் தகடுகளைக் கழுவுகிற ஆட்களில் ஒருவர். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாயைத் திறக்கச் சொல்லி, குடுமியை அவிழ்த்து உதறச் சொல்லி, கோவணம் வரைக்கும் சோதனை போட்டுத்தான் விடுவார்கள். ஆரம்பத்தில் எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு தெலுங்குக்காரி இருந்தாள். சித்தூர்ப் பக்கம். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். யார் மூத்தவள் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. அவள்தான் நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கந்தல் துணியை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கலாம் என்றாள். தெலுங்கில் அதைப் பொந்த என்பார்கள். எங்கள் வாயில் அது பொந்தை ஆகிவிட்டது.

தைக்கிற முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நைந்த புடவை ஒன்றைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, அதன்மேல் கிழிந்ததெல்லாம் அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். மேலே பார்க்கிற மாதிரி இருக்கிற துண்டுகளை வைக்க வேண்டும். பிறகு ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல். செக்கு மாடு போல ஒரே சுற்று, ஒரே வேலை. ஒரு மூலையில் மட்டும் கை நுழைகிற அளவுக்கு விட்டு வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அந்த மூலைக்குள் ஒரு சிட்டிகை அரிசி போட்டு மூடுவது அவர்கள் வழக்கம்.

“அரிசி எதுக்குக்கா?” என்று கேட்டேன்.

“இதுக்கும் வயிறு இருக்குதக்கா. காலி வயித்தோட மூடிட்டா நம்ம சூட்டையெல்லாம் இது தின்னுடும்” என்றாள்.

சோற்றுக்கு அளந்து போடுகிற வீட்டில் போர்வைக்கும் ஒரு வாயா என்று முனகினேன். ஆனாலும் போட்டேன். அதன் பிறகு தைத்த ஒவ்வொன்றுக்கும் போட்டேன்.

துணி பல இடத்திலிருந்து வந்தது. கடைத்தெருத் தையல்காரன் பெருக்கித் தள்ளுகிற துண்டுகள், சுரங்கத்துக்குள் வெளிச்சத்துக்குச் செருகிய மெழுகுவர்த்தி ஒழுகி விறைத்துப்போன தலைப்பாகைகள், எத்தனை தோய்த்தாலும் கல்மாவின் சாம்பல் நிறம் போகாத மில்லுத் துணிகள், துரை வீட்டில் சமையல் பண்ணுகிறவர் கொண்டுவந்த ஜன்னல் திரை ஒன்று. பூப்போட்ட திரை அது. அதைப் போர்வைக்கு வீணாக்க மனசு வரவில்லை. என் மகளுக்கு ஒரு கவுன் தைத்தேன்.

ஆமாம், எனக்கு ஒரு மகள் இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். துணி மூட்டைதான் அவளுக்கு விளையாட்டுச் சாமான். நான் தைக்க உட்கார்ந்தால் மூட்டைக்குள் தலைகீழாக விழுந்து ஒரு துண்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டுவாள். அது யாருடையது என்று அவளே சொல்லவும் செய்வாள். “இது தெலுங்கு அத்தைது. இது அப்பாது. இது கடைக்கார மாமாது.” ஒன்றுகூடத் தப்பாது. ஒரு துண்டு யாருடையது என்று தெரியாவிட்டால் மோந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, “தாத்தாது” என்பாள். அவளுக்குத் தாத்தா யாரும் இல்லை. தெரியாத துணியெல்லாம் தாத்தாவுடையது.

எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுப்பாள். பொந்தையை இரண்டு பக்கமும் நாங்கள் இழுத்துக்கொள்ள, அவளுக்கு மட்டும் எப்போதும் முழுசாக மூடியிருக்கும். மகாராணி.

மூன்று வயது முடிகிற சமயம், மழைக்காலத்தில், காய்ச்சல் வந்தது. லைனில் நிறையக் குழந்தைகளுக்கு வந்தது. மற்றக் குழந்தைகளுக்கு இறங்கிற்று. என் குழந்தைக்கு இறங்கவில்லை. ஆறாம் நாள் காலையில் போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

சின்னக் குழந்தை போனால் அதன் துணிமணி வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். இருந்தால் குழந்தை அதைத் தேடித் திரும்பத் திரும்ப வரும், அதற்கும் நிம்மதி இராது, அடுத்துப் பிறப்பதும் தங்காது என்பார்கள். அந்தத் தெலுங்குக்காரியே வீட்டை அலசி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் குழியிலேயே கூடப் போட்டுவிட்டு வந்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து, கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கவே, துணி மூட்டையை அவிழ்த்தேன். அடியில் அந்தப் பூப்போட்ட கவுன் கிடந்தது. பிள்ளை வளர்ந்ததால் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது, கீழே ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம் என்று காய்ச்சலுக்கு முந்தின நாள் கழற்றி மூட்டையில் போட்டிருந்தேன். தோய்க்காமலே போட்டிருந்தேன். எங்கள் லைனில் தண்ணீருக்கு நாய் படாத பாடு. ஒரு நாள் உடுத்தியதை உடனே தோய்க்கிற வசதி யாருக்கும் கிடையாது. கவுனை முகத்தில் வைத்தேன். தேங்காயெண்ணெய், ராகிக் கூழின் புளிப்பு, கொஞ்சம் மூத்திரம். என் மகள் அப்படியே இருந்தாள்.

கொடுத்துவிட வேண்டும் என்று தெரியும். யாரிடமும் கொடுக்கவில்லை. மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புதுப் பொந்தை ஆரம்பித்தேன். கீழே என் கூறைப்புடவையின் நல்ல பாதியைப் போட்டேன். நடுவில், அவள் எங்களுக்கிடையே படுக்கிற இடமாகப் பார்த்து, கவுனை மடிக்காமல் விரித்து வைத்தேன். இரண்டு கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டி வைத்தேன், அவள் தூங்கும்போது போடுகிற மாதிரி. மேலே துண்டுகளைப் பரப்பினேன். ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு உள்ளே வந்து, கவுன் இருக்கிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஊசியை இறக்க முடியவில்லை. சிரிப்பீர்களோ என்னவோ, வலிக்கும் என்று தோன்றிற்று. அதனால் கவுனை ஒட்டினாற்போல் சுற்றி வளைத்துத் தைத்துவிட்டு, நடுவை அப்படியே விட்டேன். கடைசி மூலையில் அரிசியும் போட்டு மூடினேன். அந்தத் தடவை ஒரு சிட்டிகை இல்லை, ஒரு பிடி. அவளுக்குப் பசிக்கக் கூடாது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. குழியில் துணியைப் போட்டவரே அவர்தான். இதையும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயம். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். படுக்கும்போது பொந்தையை எப்படி விரித்தாலும், அவர் அதைத் திருப்பித் திருப்பி, தைக்காத இடம் எங்களுக்கு நடுவில் வருகிற மாதிரி வைத்துக்கொள்வார். அங்கே தையல் இல்லாமல் மெத்தென்று இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. நான் அதைத் தோய்க்கவே இல்லை.

பிறகு மில்லில் தகட்டிலிருந்து சுரண்டிய பொன்னில் கொஞ்சம் குறைகிறது என்று பேச்சுக் கிளம்பியது. ஒரு நாள் காலை, மில்லில் வேலை செய்கிறவர்களின் வீடுகளை எல்லாம் சோதனை போட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக ஒரு ஜமேதார். அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள், உப்புப் பானையைக் கவிழ்த்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் கையைக் கட்டி நின்றார். லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது.

ஜமேதார் பொந்தையை எடுத்து ஓரமெல்லாம் விரலால் நெருடிக்கொண்டு வந்தான். மூலையில் கட்டியாகத் தட்டுப்பட்டது.

“இன்னாமே இது, கல்லு மாரி?”

“அரிசி சாமி. மூட்றப்ப போடறது.”

கத்தியால் கிழித்தான். அரிசி கொட்டிற்று. கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். “போர்வைக்குப் பசிக்குதாம்டா!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பொந்தையைத் தூக்கிக் கீழே போடத்தான் போனான். போட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். போடுகிற சமயம் அவன் உள்ளங்கை நடுவில் பட்டது. அங்கேயே நின்றது.

“இங்க மட்டும் ஏன் தெக்கல?”

“நூலு தீந்து போச்சு சாமி.”

“சுத்தி வளைச்சுத் தெக்க நூலு இருந்துச்சு, நடுவுல மட்டும் தீந்து போச்சா?”

அவன் கை அந்த இடத்தைப் பிசைந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். அம்மா வீட்டிலேயே சொல்வார்கள், இவள் வாய் இவளைக் கெடுக்கும் என்று. பாய்ந்துபோய்ப் பொந்தையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். “உடுய்யா! அதுல கைய வெக்காத!” என்று கத்தினேன்.

ஜமேதாரின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. “அப்ப இருக்குது” என்றான்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பான். ஆனால் செத்த குழந்தையின் துணியை வைத்துப் படுத்திருக்கிறேன் என்று அத்தனை பேர் எதிரில், அவரை வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வேன்? வாய் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. வரக் கூடாத இடத்தில் வந்துவிட்டது. பொந்தையையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோனார்கள். அவர் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் எனக்குப் புரியவில்லை.

தெலுங்குக்காரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீழே கொட்டிக் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, “எங்கிட்ட சொல்லியிருந்தா கண்ணுக்குத் தெரியாம நான் தெச்சுக் குடுத்திருப்பேனேக்கா” என்றாள். பிறகு இருவரும் அழுதோம்.

மறுநாள் காலை அவளும் நானும் மில்லுக்குப் போனோம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கழுவுகிற தொட்டி. அதன் பக்கத்தில் என் பொந்தை பிரிந்து கிடந்தது. துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து வாளிகளில் ஊற வைத்திருந்தார்கள். எதற்கு என்று நின்று பார்த்த பிறகுதான் விளங்கிற்று. மில்லுக்காரன் துணியில் பொன்தூள் ஒட்டி வரும், அதைச் சேர்த்து வைக்கிறார்கள் என்பது அவர்கள் சந்தேகம். துணியை அலசி, அந்தத் தண்ணீரை அகலத் தட்டில் ஊற்றி ஆட்டினால் கனமானது அடியில் தங்கும், இலேசானது வழிந்துபோகும்.

கடைசி வாளியில் கவுன் இருந்தது. ஒரு ஆள் அதை எடுத்துக் கசக்கினான். கல்லில் வைத்து அடித்துக் கசக்கினான், ஒரு தூளும் விட்டுப்போகக் கூடாதல்லவா. பிழிந்த தண்ணீர் தட்டில் விழுந்தது. பழுப்பாக, கொஞ்சம் எண்ணெய் மினுங்கிக்கொண்டு. தட்டை ஆட்டினான். ஓரத்தால் வழிய விட்டான். மறுபடி தண்ணீர் ஊற்றினான், மறுபடி ஆட்டினான். மூன்று தடவை. தட்டு சுத்தமாகும் வரை ஆட்டிவிட்டு, அங்கே நின்றிருந்த மில்லுத் துரையிடம் சாய்த்துக் காட்டினான். துரை குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். என் மகள் மண்ணில் ஓடிச் சேறாகிக் கிடந்தாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன். அந்தப் பக்கம், தொட்டியருகே, காவலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவரும் அந்தச் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். துரைக்குப் பக்கத்தில் ஒரு குமாஸ்தா, தமிழர், கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணும் கெடைக்கல. ஆனா நீ ஏன் அப்பிடிப் புடிச்சு இழுத்தே? இதுல ஏதோ இருந்துச்சு, நேத்தே எவனாவது உருவிட்டானான்னு தொர கேக்கறாரு. இருந்துச்சா, இல்லியா? பாத்து சொல்லு, எழுதிக்கணும்.”

இருந்தது. நீங்கள் தூக்கிக்கொண்டு வரும்வரை இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருந்தது என்று நான் ஒரு சொல் சொன்னால் என்ன ஆகும்? எங்கே அந்தப் பொருள் என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். அடிப்பார்கள், ஜெயிலுக்கு அனுப்புவார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் இல்ல சாமி” என்றேன்.

“நல்லாச் சொல்லு.”

“அதுல ஒண்ணுமே இல்ல சாமி.”

குமாஸ்தா எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள்.

ஈரத் துணிகளை மூட்டையாகக் கட்டி அவர் தலையில் வைத்துக்கொண்டார். முதுகெல்லாம் தண்ணீர் வழிந்தது. தெலுங்குக்காரி எங்களுக்கு வழிவிட்டு முன்னால் போய்விட்டாள். கழிவு மண் மலைபோல் குவிந்திருக்கிற இடத்துக்கு வந்ததும் அவர் நின்றார்.

“ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டியேமே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “வேற இன்னா சொல்லச் சொல்ற? இருந்துச்சுன்னா உன்ன உள்ள போட்டுருப்பானுங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

“தெரியும். தப்புன்னு சொல்லல.” மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார். “நீ தெச்ச மொத நாளே எனக்குத் தெரியும். கைய வெச்சேன். ரெண்டு பக்கமும் அவ கை தட்டுப்பட்டுச்சு. சொன்னா நீ எடுத்துடுவியோன்னுதான் வாயத் தெறக்கல.”

குழந்தையை மண்ணில் வைக்கும்போதுகூட அழாத மனிதர் அந்த மண்மேட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே குழந்தையை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். பேசியிருந்தால் அவளைப் பற்றி எத்தனை பேசியிருக்கலாம். எங்களைப் போன்ற முட்டாள்கள் அந்த லைனில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

துணிகள் லைன் ஓரத்து வேலியில் காய்ந்தன. கவுனை அவர்தான் முதலில் எடுத்து முகத்தில் வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெயில் வாசனை அடித்தது. வேறு எதுவும் இல்லை.

மார்கழி வந்துகொண்டிருந்தது, போர்த்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. மறுபடி புடவையை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பழைய இடத்திலேயே கவுனை வைத்தேன். தெலுங்குக்காரி உள்ளங்கையில் அரிசியோடு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை.

ஓரத்திலிருந்து சுற்றிக்கொண்டு நடுவுக்கு வந்தேன். இந்தத் தடவை கை நிற்கவில்லை. கவுனின்மேலேயே ஊசியை இறக்கினேன். கழுத்தில், மார்பில், நீட்டி வைத்த இரண்டு கைகளிலும், நேர்கோடாகத் தைத்துக்கொண்டே போனேன். வலிக்க அங்கே யாரும் இல்லை.